முழுமனதோடு ஓர் அரசாங்க வேலை

"கடைசிவரைக்கும் கை நீட்டாம எப்படி சர்வீஸை முடிச்சீங்க?" வாலிபர் கூடுகைகளில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்கிறவர்களில் சிலர் ஒரு வீரக்கதையை எதிர்பார்க்கிறார்கள். வேறு சிலர், "விஜிலென்ஸ் பயம்தானே அங்கிள்?" என்று தாங்களே பதிலையும் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் என் அனுபவத்துக்குப் பொருந்தவில்லை.

நான் கண்டது இதுதான். லஞ்சம் என்கிற சோதனை ஆபீஸ் மேசைக்கு வருவதற்கு வெகு முன்பே நம் வீட்டிலும் சபையிலும் வேர்விட்டுவிடுகிறது. ஆராதனை முடிந்து கோவில் வாசலில் நின்று பேசுகிறோமே, யார் வீடு கட்டினார்கள், யார் மகளுக்கு எத்தனை பவுன், சபை விருந்தான அசனத்துக்கு யார் ஆடு கொடுத்தார்கள் என்று, அந்தப் பேச்சில் அது வளர்கிறது. அங்கே இருதயம் பிளவுபட்டுப் போனவன் மேசையில் கவர் வந்த பிறகு ஜெபம்பண்ணி நிற்பது மிகக் கடினம். ஆகவே என் சாட்சியில் ஆபீஸைவிட வீடும் சபையும்தான் அதிகம் வரும்.

ஓர் அரசுத் துறையில் பொறியாளராக இருந்தேன். சாலை, சிறுபாலம், தடுப்பணை, பள்ளிக் கட்டடம் என்று என் வேலை முழுக்க ஒப்பந்ததாரர்களோடுதான். பிறந்தது தூத்துக்குடி மாவட்டத்தில் செம்மண் தேரிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமம். என் அம்மா ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்புக்கு மேலே இருந்த தகர டின்னில் போடுவார்கள். கைப்பிடி அரிசி. ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். அரிசி தட்டுப்பாடான நாட்களில் அந்தப் பிடி சிறியதாகும், ஆனால் விழாமல் இருக்காது. திருநெல்வேலித் திருச்சபை இப்படி வளர்ந்த சபை. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அவரும் அவர் தோழர்களும் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம் பணம், நம் ஆட்கள், நம் நிர்வாகம் என்பதே அவர்கள் தீர்மானம். பனையேறிகளும் சிறு விவசாயிகளும் கொடுத்த காசில் மிஷனெரிகள் தெலுங்கு தேசத்துக்குப் போனார்கள். கர்த்தருக்குக் கொடுக்கிற பணம் எப்படி வந்த பணமாக இருக்க வேண்டும் என்பதை எனக்குப் பிரசங்கங்களுக்கு முன்பே அந்தத் தகர டின் கற்றுக்கொடுத்துவிட்டது.

வேலையில் சேர்ந்த புதிதில் என் மூத்த அதிகாரி என்னை டீக்கடைக்கு அழைத்துப் போனார். நல்ல மனிதர். என்மேல் உண்மையாகவே அன்பு வைத்திருந்தார். "தம்பி, நீங்க யார்கிட்டயும் கேட்க வேண்டாம். பில் பாஸாகுற அன்னைக்கு அவங்களே கொடுத்துடுவாங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க, மத்தவங்களுக்குச் சங்கடம்" என்றார். முதல் கவர் வருவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் காலையில் அவர் அறைக்குப் போனேன். "சார், எனக்கு வேண்டாம். என் பங்கை வேற யாருக்காவது கொடுத்துடுங்கன்னும் நான் சொல்ல மாட்டேன். அந்தக் கணக்குல என் பேரே இல்லாம இருக்கட்டும்" என்றேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, பார்க்கலாம்" என்றார்.

இளைஞர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். "என் பங்கை பியூனுக்குக் கொடுங்க", "ஏழைப் பிள்ளைங்க படிப்புக்குக் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு, தாங்கள் வாங்கவில்லை என்று நினைத்துக்கொள்கிற விசுவாசிகளைப் பார்த்திருக்கிறேன். எங்கே போக வேண்டும் என்று நாம் சொன்னால் அந்தப் பணம் நம்முடையதாகிவிட்டது. தானியேல் ராஜாவின் போஜனத்தினால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாதென்று "தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டு" அதற்குப் பிறகுதான் பிரதானியிடம் போனான். போனவன் சண்டை போடவில்லை, வேண்டிக்கொண்டான். பத்து நாள் சோதித்துப் பாரும் என்று மேலதிகாரிக்கும் ஒரு வழியைக் காட்டினான். முன்கூட்டியே சொல்லுங்கள், தாழ்மையாகச் சொல்லுங்கள், பிரசங்கம் பண்ணாதீர்கள். உங்கள் தீர்மானத்தால் உங்கள் அதிகாரிக்குத் தலைவலி வராதபடி வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுங்கள்.

வாங்காதவன் தாமதம் செய்யவும் கூடாது. பில்லை ஒரு வாரம் மேசையில் போட்டு வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒப்பந்ததாரருக்குத் தெரியும், நம் வாய் எதுவும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அதனால் அளக்கக் கூப்பிட்டால் கூடுமானவரை அன்றே போவேன். தனியாகப் போகமாட்டேன். பணி ஆய்வாளர், ஒப்பந்ததாரரின் ஆள் இருவரும் பக்கத்தில் இருக்கும்போதே எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், மையால் எழுதுவேன். எம்-புக்கின் பக்கங்களுக்கு முன்கூட்டியே எண் அச்சிட்டிருக்கும். அழிக்கக் கூடாது. தவறு வந்தால் அடித்துவிட்டு, சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போட வேண்டும். அந்த ஒழுங்கு எனக்கு ஒரு பாதுகாப்பு. இருட்டில் திருத்த முடியாதபடி பகலில் எழுதி வைத்துவிட்டால், இரவில் வருகிற சோதனைக்கு வேலை குறைவு.

இனி, என்னை மிகவும் ஆட்டிய சோதனை. அது சபைக்குள்ளிருந்து வந்தது.

ஒரு குக்கிராமத்துக்குப் போகும் கப்பிச் சாலை வேலை. ஒப்பந்தம் எடுத்தவர் நான் ஆராதிக்கும் சபைத் தொகுதியான சேகரத்திலேயே கமிட்டி உறுப்பினர். வயதில் மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். எங்கள் புதிய ஆலயத்தின் கட்டட நிதிக்கு முன்னின்று கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். சாலையில் ஒரு அடுக்கு ஜல்லி, உருட்டி இறுகிய பிறகு 75 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது, கிராவல் தூவி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி முடித்திருந்தார்கள். குழி தோண்டிப் பார்க்கச் சொன்னேன். பணி ஆய்வாளர் கடப்பாரையால் சதுரமாக வெட்டி, குழியின் ஓரத்திலிருந்த தூளைக் கையால் துடைத்துவிட்டார். ஸ்டீல் டேப்பைக் குழிக்குள் நிறுத்தினேன். ஜல்லி ஒரு கல் உயரம்தான் இருந்தது. அதற்குக் கீழே உடனே செம்மண். 50-ஐத் தாண்டவில்லை. இடம் மாற்றி மாற்றித் தோண்டியும் அதே கதைதான். "மழையில அமுங்கியிருக்கும் சார்" என்றார் அவருடைய ஆள். கண்ட அளவை எழுதிவிட்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு கவரை வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, இது ஒமக்கு இல்ல. நீரு வாங்க மாட்டீருன்னு ஊருக்கே தெரியும். கோவில் கட்டட நிதிக்கு ஒம்ம பேருல போடுதேன். ரசீதும் ஒம்ம பேருலயே வரும். ஆண்டவருக்குத்தான போவுது?"

அந்த வார்த்தை எனக்குள் எங்கே போய்க் குத்தியது என்று சொல்கிறேன். கட்டட நிதிக்கு நான் எழுதிக் கொடுத்த பொருத்தனைத் தொகையில் பெரும்பகுதி பாக்கி இருந்தது. பாக்கி வைத்தவர்களின் பெயர்ப் பட்டியலை மாதத்துக்கு ஒரு தடவை ஆராதனையில் அறிவிப்போடு சேர்த்து வாசிப்பார்கள். என் பெயர் வாசிக்கப்படும்போது என் மனைவி தலை குனிந்து உட்கார்ந்திருப்பதை நான் ஆண்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பிள்ளைகளும் கேட்பார்கள். அண்ணாச்சியின் கவர் அந்த அவமானத்தை ஒரே நாளில் தீர்த்துவிடும். பணம் என் சட்டைப் பைக்குள் வராது. சாலையும் மோசமில்லை, ஒரு கல்தான் குறைவு. இப்படி எனக்குள் எழுந்த ஒவ்வொரு நியாயமும் கிறிஸ்தவப் பாஷையிலேயே பேசியது. சத்துரு கெட்ட வார்த்தையில் பேசினால் நமக்கு அடையாளம் தெரியும். காணிக்கை, ஆலயம், சாட்சி என்று பேசும்போது அடையாளம் காண்பதற்கு முன்பே நாம் தலையாட்டிவிட நேரிடும்.

என் மனைவி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எதுவும் சொல்லவில்லை. பாய் விரித்தபடியே கிடந்தது. அந்தக் கவரை அங்கே வைத்துக்கொண்டு எப்படி ஜெபிக்க உட்காருவது என்பதுதான் எனக்குள் வந்த கேள்வி.

"அண்ணாச்சி, நீங்க கோவிலுக்குக் கொடுக்கறதைக் கொடுங்க, ரசீது உங்க பேர்லயே இருக்கட்டும். ரோட்டுல குறைஞ்ச இடத்தைக் கிளறி, ஜல்லி போட்டு உருட்டிட்டுக் கூப்பிடுங்க. அன்னைக்கே வந்து அளக்கேன். பில்லு ஒரு நாள்கூட என்கிட்ட நிக்காது."

அவர் கவரை எடுத்துக்கொண்டு எழுந்தார். டீயைத் தொடவில்லை.

பிறகு சபையில் நடந்தது ஆபீஸில் நடந்ததைவிடக் கனமாக இருந்தது. "நம்ம ஆளுக்கு நம்ம ஆளே உதவலைன்னா எப்படி?" என்று வெளிப்படையாகவே பேசினார்கள். அண்ணாச்சி கட்டட நிதிக்குச் சொன்ன அடுத்த தவணையை நிறுத்திவிட்டார். வேலை லிண்டல் மட்டத்தில் நின்றுபோனது. அதற்குக் காரணம் நான் என்று பேச்சு. ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது, சமாதானம் பேச வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வேதாகமத்தை எடுத்து இரண்டாம் நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார்.

யூதாவின் ராஜா அமத்சியா. அவனைப் பற்றி வேதம் முதலிலேயே ஒரு வரி சொல்லிவிடுகிறது: "அவன் கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான், ஆனாலும் முழுமனதோடே அப்படிச் செய்யவில்லை." யுத்தத்துக்காக இஸ்ரவேலிலிருந்து ஒரு லட்சம் பேரை நூறு தாலந்து வெள்ளிக்குக் கூலிக்கு அமர்த்துகிறான். தேவனுடைய மனுஷன் ஒருவன் வந்து, அவர்களை அழைத்துக்கொண்டு போக வேண்டாம், கர்த்தர் அவர்களோடு இல்லை என்கிறான். ராஜாவின் உடனடிக் கேள்வி பணத்தைப் பற்றியது: அப்படியானால் நான் கொடுத்த நூறு தாலந்து? பதில்: "அதைப்பார்க்கிலும் அதிகமாய்க் கர்த்தர் உமக்குக் கொடுக்கக்கூடும்." ஐயர் அதோடு நிறுத்திவிட்டார். "நம்ம சபைக்கும் ஒரு நூறு தாலந்து போகுது. போகட்டும். கோவில் மெதுவா எழும்பட்டும்" என்றார். அடுத்த மாதத்திலிருந்து பாக்கிப் பட்டியல் வாசிப்பதை நிறுத்தினார். ஆலயப் பிரதிஷ்டை வெகுவாகத் தள்ளிப்போனது உண்மைதான். ஆனால் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் அதன் பிறகுதான் தயக்கமில்லாமல் கட்டட நிதிக் கூட்டங்களுக்கு வர ஆரம்பித்தன.

அண்ணாச்சி சாலையைச் சரிசெய்தார். பில்லும் சொன்னபடி போனது. வெகுகாலம் என்னோடு பேசவில்லை. அந்தத் துக்கத்தை நான் மறைக்க விரும்பவில்லை. சபையில் ஒரே அப்பத்தில் பங்குபெற்று ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணும் இருவர் முகம் பார்க்காமல் இருப்பது சாதாரண விஷயமில்லை. ஒவ்வொரு திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாளும் அவர் வீட்டு வாசல்வரை போய்ப் பேசிவிட்டு வருவேன். சில நாள் உள்ளே கூப்பிடுவார், சில நாள் மாட்டார். அளவில் விட்டுக்கொடுக்காதவன் உறவில் விட்டுக்கொடுத்துப் போகலாம், போக வேண்டும்.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், இதுதான் என் பேச்சின் நடு. லஞ்சம் வாங்குகிற மனிதர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள் என்று நாம் நினைக்கிறோம். என்னோடு வேலை பார்த்தவர்களில் பலர் மகளுக்காக வாங்கினார்கள். காலேஜ் ஃபீஸ், நகை, மண்டபம், மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர். நம் சபைகள் இதில் எந்த விதத்திலும் வேறாக இல்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நாம் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து, தடை ஏதாவது உண்டா என்று சபையைக் கேட்கிறோம். பவுன் பேரத்தைத் தடையாக எழுந்து சொன்னவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஐம்பது பவுன் கேட்கிற சபையில் இருந்துகொண்டு சம்பளத்தில் மட்டும் வாழ் என்று வாலிபனுக்குப் பிரசங்கிப்பது, அவன் தோளில் சுமையை ஏற்றிவிட்டு ஓடச் சொல்வதுதான்.

எங்கள் வீட்டில் முதலில் செய்தது, சம்பளச் சீட்டை மனைவி கையில் கொடுத்ததுதான். பிடித்தம் போக எவ்வளவு, தசமபாகம் எவ்வளவு, வீட்டுக்கடன் எவ்வளவு என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். கணவனின் உண்மையான வருமானம் தெரியாத மனைவி கேட்பதில் தப்பில்லை. தெரிந்த பிறகு அவளே ஒரு மதிலாகிவிடுகிறாள். பண்டிகைக்குக் கோவிலில், "என்னக்கா, கழுத்து வெறுமையா இருக்கு, இஞ்சினியர் வீட்டம்மா இப்படியா வருவாக?" என்று கேட்டவர்களுக்கு அவள் சிரித்துக்கொண்டே, "அவுக சம்பளத்துக்கு இதுதான் கழுத்து" என்று சொல்வாள். அந்தப் பதில் எனக்கு எத்தனையோ பிரசங்கங்களுக்குச் சமம்.

அடுத்து, பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போதே திருமணத்தைப் பற்றி முடிவெடுத்து, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டோம்: கேட்டு வருகிற இடத்தில் கொடுக்க மாட்டோம், கோவிலில் கலியாணம், கோவில் மண்டபத்தில் ஒரு சாப்பாடு. என் மாமியார் அழுதார்கள். "ஊருல என்ன சொல்லுவாவ?" என்று கேட்டார்கள். சில சம்பந்தங்கள் அதனாலேயே தட்டிப்போயின, அந்த நாட்களில் வீட்டில் மௌனம் கனமாக இருக்கும். ஆனால் ஒன்று நடந்தது. சேகரத்தில் இன்னும் சில குடும்பங்கள் எங்களிடம் வந்து, நாங்களும் அப்படியே செய்கிறோம் என்றார்கள். தனியாக ஒரு குடும்பம் இதைச் செய்தால் கஞ்சன் என்பார்கள், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து செய்தால் அது சபையின் ஒழுங்காகத் தெரிய ஆரம்பிக்கிறது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குள்ளேயே சம்பந்தமும் அமைந்தது. வாலிபர்களே, ஆபீஸில் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறீர்கள் என்றால், பெண் பார்க்கப் போகும்போது உங்கள் அம்மா என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். அங்கே நீங்கள் வாயைத் திறந்தால், எங்கோ ஓர் ஆபீஸில் ஒரு தகப்பனுக்கு ஒரு சோதனை குறையும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தெரிந்திருப்பது நல்லது. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்ட பிறகு, வாங்குகிறவருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கொடுப்பதும் தனிக் குற்றம். பொறி வைத்துப் பிடிக்கும்போது நோட்டில் பினாப்தலின் பொடி தடவியிருப்பார்கள். வாங்கின கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாகும். என் அலுவலகத்திலேயே அதைப் பார்த்திருக்கிறேன், அந்த மனிதரின் முகத்தை மறக்க முடியாது. அடுத்த சில வாரங்கள் ஆபீஸ் முழுவதும் பரிசுத்தமாக இருந்தது. பிறகு எல்லாம் பழையபடி. பயம் அவ்வளவு தூரம்தான் வரும். போத்திபாரின் வீட்டில் எஜமானின் மனைவி பாவத்துக்கு அழைத்தபோது யோசேப்பைப் பார்க்க ஒருவரும் இல்லை, ஆனாலும் அவன் "தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி" என்றுதான் கேட்டான்.

யோசேப்பைப் பற்றி இன்னொன்று. அவன் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடிப்போனான். அதை நான் புரிந்துகொண்டது வட மாவட்டத்துக்கு மாறுதல் வந்த பிறகு. பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் ஊரிலேயே இருந்தது. நான் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு சிறு நகரத்தில் லாட்ஜில் தங்கினேன். பண விஷயத்தில் உறுதியாக நின்றவனுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் வேறு சோதனைகள் காத்திருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வேலை முடிந்ததும் மற்றவர்கள் பாட்டிலோடு கூடுவார்கள், பாசத்தோடு கூப்பிடுவார்கள். லாட்ஜ் அறைகளில் நடப்பது எல்லாருக்கும் தெரியும். தனிமையே ஒரு சோதனை. "நான் இவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறேன், எனக்கு ஒரு ஆறுதல் வேண்டாமா" என்று மனசு கணக்குக் காட்டும். அந்தக் கணக்குக்கு வாதம் பண்ணிப் பதில் சொல்ல முடியாது. லாட்ஜைக் காலி செய்துவிட்டேன். ஒரு விசுவாசக் குடும்பத்தின் வீட்டு மாடியில், வாசல் அவர்கள் முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும் ஓர் அறைக்கு மாறினேன். வசதி குறைவு, வருகிறவர் போகிறவர் எல்லாம் அவர்கள் கண்ணில் படும். எனக்கு அதுதான் தேவைப்பட்டது. வேதம் சொல்லுகிற தப்பிக்கொள்ளும்படியான போக்கு சில வேளை வீட்டு முகவரி மாற்றமாகவே இருக்கும்.

அந்தப் பகுதியில் டேனிஷ் மிஷன் வழியாக வளர்ந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபைதான் பக்கத்தில் இருந்தது. வழிபாட்டு முறை கொஞ்சம் வேறு, ராகங்கள் வேறு. அங்கே ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் என்னை மகன் மாதிரி சேர்த்துக்கொண்டார். வாரம் ஒருமுறை அவர் வீட்டுத் திண்ணையில் உட்காருவோம். ஜெபிப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இன்னைக்கு நான் எதைக் கேட்டுடக் கூடாதுன்னு நெனச்சிக்கிட்டு வந்தீங்க?"

இதற்கு "ஒன்றுமில்லை" என்று சொல்வது சுலபமில்லை. முதலில் அவர் தன்னுடையதைச் சொல்வார். அந்த வயதிலும் அவருக்குச் சொல்வதற்கு இருந்தது, அதனால்தான் எனக்கும் வாய் திறந்தது. நினைவில் எழுந்ததை, செயலாகும் முன்பே, ஒரு மனிதன் முன்னால் சொல்லிவிட்டால் அதன் பலம் பாதி போய்விடுகிறது. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று யாக்கோபு எழுதியதை நாம் வாசிக்கிறோம், செய்கிறவர்கள் குறைவு. காரணமும் தெரியும். நம் சபைகளில் ஒருவருடைய போராட்டம் "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் மறுநாளே நாலு வீட்டுக்குப் போய்விடுகிறது. ஆகையால் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். உங்கள் ஆபீஸ் சம்பந்தமில்லாதவர், நெருங்கிய உறவு இல்லாதவர். மற்றவர்களுடைய ரகசியத்தை உங்களிடம் சொல்கிறவராக இருந்தால் அவரிடம் உங்களுடையதைச் சொல்லாதீர்கள்.

அமத்சியாவின் கதையில் ஐயர் வாசிக்காத பகுதியை வாத்தியார்தான் வாசிக்க வைத்தார். நூறு தாலந்தை விட்டுவிட்டுக் கீழ்ப்படிந்த அந்த ராஜா, உப்புப் பள்ளத்தாக்கில் ஜெயித்தான். ஜெயித்துவிட்டு, சேயீர் புத்திரரின் தெய்வங்களைக் கொண்டுவந்து தனக்குத் தெய்வங்களாக வைத்துப் பணிந்துகொண்டான். பணத்தை விட முடிந்தவன் ஜெயித்த இடத்தில் விழுந்தான். ஊருக்குத் திரும்பிய பிறகு அது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. சபையில் சால்வை போர்த்தினார்கள். "நேர்மையான அதிகாரி" என்று மேடையில் சொன்னார்கள். திருமண்டல நிர்வாகமான டயோசீசன் கவுன்சில் தேர்தலில் நில்லுங்கள், உங்கள் பெயருக்கே ஓட்டு விழும், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சிலர் வந்தார்கள். சபைப் பொறுப்பு நல்லது, அதற்கு வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற வார்த்தைதான் அண்ணாச்சியின் கவரை ஞாபகப்படுத்தியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேர்மை என்ற பேரையே ஒரு விக்கிரகமாக்கி வீட்டுக்குள் வைத்துக் கும்பிட முடியும் என்று அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

வாங்குகிற சக ஊழியர்களோடு மதியம் சேர்ந்து சாப்பிடுவதை ஒருநாளும் நான் விடவில்லை. டிபன்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்தால் அவர்கள் மனசில் கதவு சாத்திவிடும். வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயு மனம்மாறினது இயேசு அவன் வீட்டுக்குள் போன பிறகுதான். அவர்களில் ஒருவர் ஓய்வுக்குச் சில வருடங்கள் முன்பு, "சார், இனிமே நானும் என் பேரை எடுத்துடச் சொல்லிட்டேன்" என்று சாப்பாட்டு நேரத்தில் மெல்லச் சொன்னார். அவர் கிறிஸ்தவர் இல்லை.

இப்போது எங்கள் சேகரத்தில் அரசு வேலையில் இருப்பவர்கள் சனிக்கிழமை மாலை கூடுகிறோம். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக, சின்னச் சின்னக் குழுவாக. வாத்தியாரின் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறோம். பிறகு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து, அந்த வாரம் எந்த ஃபைலில் என்ன நெருக்கடி என்று பெயர் சொல்லாமல் பேசி, எப்படிப் பதில் சொல்லலாம் என்று யோசிக்கிறோம். புதிதாகக் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்த ஒரு தங்கச்சி சமீபத்தில் கேட்டாள்: "எங்க மாமாவே பட்டா மாறுதலுக்கு வாராவ. சபையிலயும் பெரியாளு. அவுகளை எப்படி வரிசையில நிக்கச் சொல்ல?"

மூத்த அக்கா ஒருவர் பதில் சொன்னார்: "வீட்டுக்கு வந்தா முதல்ல உக்காரவச்சு டீ குடு. மனுவை இ-சேவை மையத்துல போடச் சொல்லு. முன்னாடி வந்த மனுவை முன்னாடி பாரு, அவுகளுதும் உரிய நாள்ல முடிஞ்சிரும்னு சொல்லு. வேற எதையும் விளக்காத. அன்னைக்கே எங்களுக்கு போன் பண்ணு."

அவள் அப்படியே செய்தாள். மாமா டீயைக் குடித்துவிட்டு, கோபமாகத்தான் போனாராம். வருகிற வாரம் அந்த அக்காவும் நானும் அவளோடு மாமா வீட்டுக்குப் போகிறோம்.